நினைவைச் சுமந்த சிறுவன்

எதிர்காலத்தைத் துர்க்கனவாகக் கண்டு எழுதப்பட்ட மேல்நாட்டு நாவல்களுள் புகழ்பெற்ற பழையவற்றை எடுத்துக்கொண்டால், அவற்றின் கதாநாயகர்கள் அநேகமாக உலகம் கண்டவர்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட நாவலில் வரும் வின்ஸ்டன் ஸ்மித்துக்கு வயது 39. ரே பிராட்பரி 1953-இல் வெளியிட்ட நாவலில் புத்தகங்களைக் கொளுத்தும் உத்தியோகம் பார்க்கும் மான்டாகுக்கு வயது 30. தாம் வாழும் அமைப்பில் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது என்று அவர்கள் ஐயுறுவதற்கு, பால்யத்தின் மங்கிய ஞாபகமோ, தற்செயலாகக் கைக்கு எட்டிய ஒரு பழம்பொருளோ, ஒளித்துவைத்த ஒரு புத்தகமோ துணைசெய்கிறது. ஆனால், பிறந்த நாள் முதலாக அந்த அமைப்பைத் தவிர வேறொன்றையும் கண்டறியாத, அதன் சட்டங்களையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த, கனிவான பெற்றோரும் நல்ல தோழர்களும் வேளைக்கு உணவும் குறைவின்றி வாய்க்கப்பெற்ற ஒரு சிறுவன், தன் உலகம் குறைபட்டது என்பதை எந்த அளவுகோலைக் கொண்டு அறிவான்?

இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குரிய விடையை ஒரு சிறுவனின் ஓராண்டு வாழ்க்கையாகவே எழுதிக் காட்டியவர் அமெரிக்க எழுத்தாளரான லோயிஸ் லௌரி. அவருடைய 'தி கிவர்' என்னும் நாவல் 1993-இல் வெளிவந்தது. குழந்தை இலக்கியத்துக்காக அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் நியூபெரி பதக்கத்தை மறு ஆண்டே பெற்றது. சிறுவர்க்கென்று எழுதப்பட்ட நூல்தான். எனினும், மனித இருதயம் எவ்வாறு முதிர்கிறது என்பதை இத்தனை நுட்பமாகக் காட்டிய நாவல்கள் பெரியவர்களுக்கென எழுதப்பட்டவற்றிலும் சிலவே என்பது என் துணிபு.

அந்நாவலில் வரும் சமுதாயத்துக்குப் பெயரில்லை. அங்கே பசியில்லை, போரில்லை, வறுமையில்லை. மழையும் பனியும் கட்டுப்படுத்தப்பட்டு, குன்றுகள் யாவும் தரைமட்டமாக்கப்பட்டு, எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டின் பொருட்டு நிறங்களும் மனிதர் கண்ணிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. குடும்பம் என்பது விண்ணப்பித்துப் பெறுவது: ஒரு கணவன், ஒரு மனைவி, ஓர் ஆண் குழந்தை, ஒரு பெண் குழந்தை. பிள்ளை பெறுவதற்கென்றே நியமிக்கப்பட்ட பெண்கள் மூன்று பிரசவம் முடிந்ததும் உடலுழைப்புப் பணிக்கு அனுப்பப்படுகிறார்கள். காலையில் குடும்பத்தார் கூடி அமர்ந்து தத்தம் கனவுகளைச் சொல்ல வேண்டும். இரவில் அன்றைய மனவுணர்ச்சிகளைச் சொல்ல வேண்டும். விலங்குகள் அறவே இல்லாத அவ்வூரில், குழந்தைகள் அணைத்துக்கொண்டு உறங்கும் பொம்மை யானையை எவரோ கற்பனையில் கண்ட பிராணி என்றே யாவரும் கருதுகிறார்கள்.

குழந்தையின் வளர்ச்சியைக்கூட அச்சமுதாயம் தானே அளந்து விநியோகம் செய்கிறது என்பதை லௌரி மிகுந்த கவனத்துடன் வர்ணிக்கிறார். ஒவ்வொரு டிசம்பர் மாதமும் நிகழும் சடங்கில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருசேர ஒரு வயது கூடுகிறது. நான்கு முதல் ஆறு வயது வரை உள்ளவர்களுக்கு முதுகுப்பக்கம் பித்தான் வைத்த சட்டை, ஒருவர்க்கொருவர் உதவினாலன்றி அணிய முடியாதபடி; ஏழில் முன்பக்கம் பித்தான்; ஒன்பதில் சைக்கிள்; பன்னிரண்டில் ஆயுள் முழுமைக்கும் உரிய தொழில், பெரியோர் சபையால் தேர்ந்தளிக்கப்படுவது. வயது இவ்வாறு மேடையில் ஏறி வாங்கிக்கொள்ளும் பொருளாகிவிட்ட இடத்தில், ஒரு பிள்ளை மெய்யாகவே வளர்வது எப்படி என்பதுதான் நாவலின் உள்ளுறைந்த கேள்வி. பெற்றோர் பலர் தம் மக்களின் வளர்ச்சியை வகுப்பாலும் மதிப்பெண்ணாலும் மட்டுமே அளக்கும் இக்காலத்தில் அது கற்பனைக் கேள்வியாக எனக்குப் படவில்லை.

கதையின் தொடக்கத்தில் நாம் காணும் ஜோனஸ் கலகக்காரன் அல்லன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்; ஏனெனில், இவ்வகை நாவல்களை எழுதும் பலர், தம் கதாநாயகனுக்குப் பிறவியிலேயே ஒரு புரட்சி மனத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அவன் புரட்சி செய்வதைக் கண்டு நாம் வியக்க வேண்டும் என எதிர்பார்க்கிறார்கள். ஜோனஸோ அடக்கமானவன், சொல்லை எண்ணிப் பேசுபவன், விதி மீறினால் மனம் கூசுபவன். ஒருநாள் வழிதவறிய விமானம் ஒன்று ஊருக்கு மேலே பறந்துவிட, எல்லாரும் வீட்டுக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறார்கள். பிறகு, அந்த விமானி விடுவிக்கப்படுவான் என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. விடுவித்தல் என்பது எங்கோ ஓரிடத்துக்கு அனுப்பிவைத்தல் என்றே ஜோனஸ் எண்ணியிருக்கிறான். அது தண்டனை என்றும், முதியோர்க்கு மட்டும் அது கொண்டாட்டம் என்றும் கேள்விப்பட்டிருக்கிறான். அதற்கு மேல் கேட்கத் தோன்றியதில்லை. கேட்கத் தோன்றாமையே அவனுடைய குழந்தைமை.

அவனுக்கு அமைந்த ஒரே வேறுபாடு, அவ்வூரில் அரிதாகக் காணப்படும் வெளிறிய கண்கள். தோழன் ஆஷருடன் ஆப்பிள் ஒன்றை எறிந்து பிடித்து விளையாடுகையில், நடுவானில் அந்தக் கனி ஏதோ ஒருவகையில் மாறித் திரும்புவதை அவன் காண்கிறான். அது சிவப்பு நிறம் என்பதை நெடுநாள் கழித்தே அறிகிறான். பன்னிரண்டாம் ஆண்டுச் சடங்கில் அவனுடைய எண் 19. பதினெட்டாவதாகத் தோழி ஃபியோனாவை அழைத்த பெரியோர் சபைத் தலைவி, அவனைத் தாண்டி இருபதாம் எண்ணுக்குப் போய்விடுகிறாள். தான் என்ன பிழை செய்தோம் என்று அவன் குன்றிப்போய் உட்கார்ந்திருக்கும் அந்த இடம் வாசகனின் நெஞ்சைப் பிசைவது. இறுதியில் அவனை அழைத்து, அவனுக்குத் தொழில் அளிக்கப்படவில்லை, அவன் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறான் என்கிறாள். ஊரார் எல்லாரும் துறந்துவிட்ட மானிட ஞாபகம் முழுவதையும் ஒருவர் மட்டும் தம்முள் வைத்துக் காக்கிறார். அவருக்கு அடுத்தபடியாக அந்தப் பாரத்தை ஏற்கப்போகிறவன் ஜோனஸ்.

அவனிடம் தரப்படும் விதித்தாளில் எட்டே விதிகள். அவன் எவரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கலாம், தன் கனவை எவருக்கும் சொல்லக்கூடாது, பயிற்சியைப் பற்றிப் பேசக்கூடாது, பயிற்சியால் நேரும் வலிக்கு மருந்து கேட்கக்கூடாது, விடுவிப்புக்கு விண்ணப்பிக்கக்கூடாது. எட்டாவது விதி, அவன் பொய் சொல்லலாம் என்பது. அதைப் படித்ததும் அவன் மனத்தில் எழும் எண்ணம், அவன் ஆயுளில் முதன்முறையாகத் தானே எண்ணிய எண்ணம்: மற்றவர்களுடைய தாளிலும் இவ்விதி இருந்திருக்குமோ? தந்தையின் தாளில்? தாயின் தாளில்? கேள்வி கேட்கும் உரிமை கிடைத்த அந்நாளிலேயே, கிடைக்கும் விடையை நம்பும் பாக்கியம் அவனை விட்டு நீங்கிவிடுகிறது. வளர்தல் என்பதன் முதற்படியை இத்தனை சிக்கனமாகக் காட்டிய இடம் வேறொன்று என் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த ஞாபகங்களை இதுவரை ஏற்றுக் காத்துவந்த பழைய ஏற்பாளர் ஆயுளால் அத்தனை முதியவர் அல்லர். சுமந்த நினைவுகளால் முதுமை அடைந்தவர். அவனுடைய முதுகில் கை வைத்து அவர் முதலில் அளிப்பது, பனி பொழியும் குன்றொன்றின் சரிவில் சறுக்குவண்டியில் இறங்கி வரும் ஆனந்தம். அளித்த நினைவு அளித்தவரிடம் தங்குவதில்லை. அது பெற்றவனுக்கே உரியதாகிவிடுகிறது. பிறகு வெயிலின் இதம். உடனே வெயில் சுட்ட புண். வானவில், பின்னொரு நாள் கால் முறிந்த வேதனை. தந்தத்துக்காகக் கொல்லப்பட்ட யானையின் அருகே மற்றொரு யானை வந்து நிற்கும் காட்சி. கடைசியில் போர்க்களம், தாகத்தால் தவித்துத் தண்ணீர் கேட்டுச் சாகும் ஒரு போர்வீரச் சிறுவன். இன்பமும் துன்பமும் ஒரே கையால் கொடுக்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள வழியில்லை. அந்த ஊரார் செய்த மகத்தான பிழை, துன்பத்தை அகற்றப் புகுந்து, அதனோடு பின்னிக் கிடந்த யாவற்றையும் அகற்றிவிட்டதே.

இந்த இடத்தில் லௌரியின் கலைநேர்மையைப் பாராட்டாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. நினைவுகளைப் பெறத் தொடங்கியவுடன் ஜோனஸ் ஞானியாகிவிடவில்லை. நிறங்கள் எல்லாருக்கும் கிடைக்காதது அநியாயம், காலையில் எழுந்து நீலச் சட்டையா சிவப்புச் சட்டையா என்று தெரிவு செய்யவாவது உரிமை வேண்டும் என்று ஒருநாள் கொதிக்கிறான். அடுத்த கணமே, சட்டையைத் தெரிவு செய்பவர்கள் நாளை மனைவியையும் தொழிலையும் தெரிவு செய்யத் தொடங்கித் தவறிழைத்தால் என் செய்வது, ஜனங்களைத் தவறான தெரிவுகளிலிருந்து காப்பாற்றத்தானே வேண்டும் என்று தானே பின்வாங்குகிறான். அது பெரியோர் சபையின் குரல். அவன் வாயிலிருந்து வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் ஊட்டப்பட்ட பாடம் சில வாரங்களில் உதிர்ந்துவிடுமா என்ன? வளரும் பிள்ளை இரண்டு அடி முன்னே வைத்து ஒன்றரை அடி பின்னே வைக்கிறான் என்பதை அறிந்தவர் எழுதிய பக்கங்கள் அவை.

தெரிவு செய்யும் உரிமை என்றதும் ஆந்தனி பர்ஜஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1962-இல் வெளியிட்ட 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவல் நினைவுக்கு வருகிறது. அதன் கதாநாயகனான அலெக்ஸ் 15 வயதுக் கொடியவன். வன்செயலை நினைத்தாலே குமட்டும்படி அவன் உடலை அரசாங்கம் பழக்கிவிடுகிறது. பர்ஜஸ் அந்நூலை 21 அத்தியாயங்களாக அமைத்தார். ஒருவன் முழுமனிதனாகக் கருதப்படும் வயது அதுவென்பதால் அந்த எண்ணைத் தேர்ந்தார். கடைசி அத்தியாயத்தில், 18 வயதை எட்டிய அலெக்ஸ், எவருடைய பலாத்காரமும் இன்றி, தானாகவே வன்முறையில் சலிப்புற்று, தனக்கென ஒரு குடும்பத்தை விரும்பத் தொடங்குகிறான். அந்த அத்தியாயம் நீக்கப்பட்டே அமெரிக்கப் பதிப்பு வெளிவந்தது. 1986-இல்தான் அது அங்கே சேர்க்கப்பட்டது. 1971-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த திரைப்படமும் அந்த முடிவை விட்டுவிட்டது. ஒரு நாவலின் இளம் பாத்திரம் எங்கே வளர்கிறதோ அந்த இடத்தையே வெட்டி எறிந்த பின், எஞ்சியது வேறொரு நூல் என்று பர்ஜஸ் வருந்தியது நியாயமே.

ஜோனஸுக்குத் திரும்புவோம். போரின் நினைவைப் பெற்ற பின் ஒரு விடுமுறை நாளில், தன் தோழர்கள் துப்பாக்கி சுடுவதுபோலவும் விழுந்து சாவதுபோலவும் நடித்து விளையாடுவதைக் காண்கிறான். அவனும் எத்தனையோ முறை ஆடிய ஆட்டம்தான் அது. இப்பொழுது அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, நிறுத்தும்படி கெஞ்சுகிறான். விளையாட்டுகளை நடத்தும் தொழிலுக்குப் பயிற்சி பெறும் ஆஷருக்கு அது விளங்கவில்லை; ஃபியோனாவுக்கும் விளங்கவில்லை. அங்கே ஒருவரும் தீயவர் அல்லர், ஒருவரும் அவனை வெறுக்கவில்லை. ஆயினும் அவனுடைய பால்யம் அந்த மைதானத்தில் முடிந்துவிடுகிறது. ஒடுக்குமுறை என்பது சிறைச்சாலையாகவும் சாட்டையாகவும் மட்டுமே வரும் என்று எண்ணுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். தான் நேசிப்பவர்களோடு பகிர்ந்துகொள்ள முடியாத அறிவைக் காட்டிலும் கொடிய சிறை ஒரு சிறுவனுக்கு வேறு ஏது?

அவன் மிக விரும்பிய நினைவு, தாத்தா பாட்டியும் குழந்தைகளும் கூடியிருக்கும் ஒரு கிறிஸ்துமஸ் இரவு. முதியோர் என்றால் தனியில்லத்தில் வாழ்பவர்கள் என்று மட்டும் அறிந்தவனுக்கு, பெற்றோருக்கும் பெற்றோர் உண்டு என்பதே வியப்பு. அந்த அறையில் நிறைந்திருந்த உணர்ச்சிக்கு அன்பு என்று பெயர் என அறிந்து, வீடு திரும்பித் தன் பெற்றோரிடம், என்னிடம் உங்களுக்கு அன்பு உண்டா என்று கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள், பொருளற்றுப்போன அந்தச் சொல்லை விட்டு, உன்னைக் கண்டு மகிழ்கிறோமா, உன் திறமைகளில் பெருமை கொள்கிறோமா என்று திருத்தமாகக் கேள் என்று கற்பிக்கிறார்கள். புரிந்துவிட்டது என்கிறான் ஜோனஸ். தன் பெற்றோரிடம் அவன் சொன்ன முதல் பொய் அது. மறுநாள் காலை, பருவ உணர்ச்சிகளை அடக்குவதற்காக பருவம் எய்திய ஊரார் விழுங்கும் மாத்திரையை அவன் விழுங்காமல் எறிந்துவிடுகிறான். ஆரவாரமற்ற அச்செய்கைதான் அவனுடைய முதற் கலகம்.

அவனுடைய தந்தை பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கும் நிலையத்தில் பணிபுரிபவர், மென்மையானவர், சரியாக வளராத கேப்ரியல் என்னும் சிசுவை, விடுவிப்பிலிருந்து காக்கும்பொருட்டு, அனுமதி பெற்று இரவில் வீட்டுக்கே எடுத்துவருபவர். இரவில் அழும் அச்சிசுவின் முதுகைத் தட்டிக்கொடுக்கையில், தான் பெற்ற படகுப்பயணத்தின் நினைவொன்று தன்னை அறியாமலே அதற்குள் இறங்குவதை ஜோனஸ் உணர்கிறான். பெறுபவன் கொடுப்பவனாகும் அந்த இரவை நாவலின் மையமாகவே நான் கருதுகிறேன். அதற்கு முன் ஆஷருக்குச் சிவப்பையும் தங்கை லில்லிக்கு யானையையும் கொடுக்க முயன்று தோற்றவன் அவன். போதிக்க முயன்றபோது கைகூடாதது, அழும் சிசுவைத் தேற்றுகையில் கைகூடிவிடுகிறது.

பின்னர் அந்தக் காட்சி. இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததைத் தந்தை அன்று காலை விடுவித்தார் என்று அறிந்து, அதைப் பார்க்க விரும்புகிறான். பதிவு திரையில் ஓடுகிறது. குழந்தைகளிடம் வழக்கமாகப் பேசும் கொஞ்சு குரலிலேயே பேசிக்கொண்டு, தந்தை அதன் நெற்றி நரம்பில் ஊசி ஏற்றுகிறார். அது அடங்கியதும் அட்டைப் பெட்டியில் வைத்துக் குப்பைச் சரிவில் தள்ளி, கையசைத்து விடைகொடுக்கிறார். அத்தந்தை கொடூரர் அல்லர் என்பதே இதில் தாங்க முடியாதது. மரணம் என்றால் இன்னதென்பதைப் போர்க்களத்தில் கற்றவன், அந்தப் பெரியவரைத் தவிர்த்தால், அவ்வூரில் ஜோனஸ் ஒருவனே ஆதலால், நிகழ்வது கொலை என்று அவனால் அறிய முடிகிறது. ஞாபகம் இல்லாத இடத்தில் மனச்சாட்சிக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

நினைவின் காவலர் ஓடிவிட்டாலோ இறந்துவிட்டாலோ, அவரிடமிருந்த நினைவுகள் ஊராரிடமே திரும்பிச் செல்லும். பத்தாண்டுகளுக்கு முன் தேர்ந்தெடுக்கப்பட்ட ரோஸ்மேரி என்ற பெண் ஐந்து வாரங்களில் துக்கம் தாளாமல் விடுவிப்பைக் கேட்டு மடிந்தபோது அப்படித்தான் நிகழ்ந்தது. அவள் அந்தப் பெரியவரின் மகள். ஆகவே ஜோனஸ் தப்பிச்செல்ல வேண்டும், பெரியவர் தங்கியிருந்து, திரும்பிவரும் நினைவுகளைத் தாங்க ஊராருக்குத் துணைநிற்க வேண்டும் என்று இருவரும் நாள் குறித்துத் திட்டம் வகுக்கிறார்கள். அத்திட்டம் நிறைவேறவில்லை. மறுநாள் காலையில் கேப்ரியல் விடுவிக்கப்படுவான் என்று இரவு உணவின்போது தந்தை சாதாரணமாகச் சொல்கிறார். அன்றிரவே, குழந்தை இருக்கை பொருத்திய தந்தையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சிசுவைச் சுமந்து, பன்னிரண்டு வயதுச் சிறுவன் எல்லை கடக்கிறான். ஊரை மாற்றுவதற்கான திட்டம் பிறகு. கண்முன் இருக்கும் ஓர் உயிர் முதலில். அவன் முழுமனிதனாகும் கணம் இதுவே என்பேன். உடல் சூட்டைக் கொண்டு தேடும் விமானங்களிடமிருந்து தப்பப் பனியின் நினைவையும், பனியில் உறையும்போது வெயிலின் நினைவையும் அவன் கேப்ரியலுக்குப் பகிர்ந்தளிக்கிறான்.

லௌரி இதை வெறும் சிந்தனையிலிருந்து எழுதவில்லை. அவர் 1937-இல் ஹொனலூலுவில் பிறந்தவர். தந்தை ராணுவப் பல் மருத்துவர். உலகப் போருக்குப் பின் டோக்கியோ நகரில், அமெரிக்கர்களுக்கென வேலியிட்டு அமைத்த குடியிருப்பில் வாழ்ந்த சிறுமி லௌரி, பாதுகாப்பும் வசதியும் நிறைந்த அந்த வேலியைத் தாண்டிச் சைக்கிளில் ஷிபுயா வீதிகளுக்குப் போய்வருவாராம். பிற்காலத்தில், முதுமையால் நினைவு நழுவிய தந்தை, தம் மூத்த மகள் இளமையிலேயே இறந்துபோனதை மறந்து அவளைப் பற்றி விசாரிப்பதைக் கண்டபோது, துயரை மறந்திருப்பது பெரும் ஆறுதலாயிற்றே என்ற எண்ணம் எழுந்து, அவ்வெண்ணமே நாவலுக்கு வித்தாயிற்று. மறதியின் இனிமையை நேரில் கண்டவர் எழுதியதாலேயே, அச்சமுதாயம் நமக்கு வெறுப்பைவிட ஆசையைத்தான் முதலில் ஊட்டுகிறது.

அதே 1993-இல் ஆக்டேவியா பட்லர் 'பேரபிள் ஆஃப் தி சோவர்' என்ற நாவலை வெளியிட்டார். 2024-ஆம் ஆண்டில் தொடங்கும் அக்கதையில் வரும் 15 வயது லாரன் ஒலமினாவுக்குப் பிறர் வலி தன் உடலிலேயே தோன்றும் பிணி. சீர்குலைந்த கலிபோர்னியாவில், மதிலுக்குள் பதுங்கிய தன் குடியிருப்பு 2027-இல் தீக்கிரையானபின், ஆண்வேடம் பூண்டு வடக்கு நோக்கி நடந்து, வழியில் சேர்ந்தவர்களைக் கொண்டு ஒரு புதிய ஊரையே அமைக்கிறாள். ஒருவர் எழுதியது ஒழுங்கு மிகுந்த நரகம், மற்றவர் எழுதியது ஒழுங்கே அற்ற நரகம். இருவரும் தம் இளம் பாத்திரத்துக்குப் பிறர் நோவைத் தன் நோவாக ஏற்கும் சக்தியைக் கொடுத்தார்கள். பின்னர் வந்த இவ்வகை நாவல்கள் பல, வில்லும் அம்பும் போட்டியும் காதலும் கொண்டு விறுவிறுப்பாக நடந்தாலும், இந்த ஆழத்தை எட்டியவை சிலவே. 'தி கிவர்' 2014-இல் திரைப்படமானபோது ஜோனஸின் வயதைக் கூட்டி அவனை இளைஞனாக்கிவிட்டார்கள். ஜெஃப் பிரிட்ஜஸின் நடிப்பு சிறந்திருந்தும், மீசை அரும்பாத பிள்ளையின் தோளில் அந்தப் பாரம் விழும் பரிதாபம் படத்தில் இல்லை.

பனி மூடிய குன்றின் உச்சியில் ஜோனஸும் கேப்ரியலும் சறுக்குவண்டியில் ஏறி இறங்குகையில் நாவல் முடிகிறது. கீழே தெரியும் விளக்குகள் மெய்யா, மாயையா என்று கேட்டு எத்தனையோ குழந்தைகள் லௌரிக்குக் கடிதம் எழுதினார்கள். பின்னர் எழுதிய தொடர்நூல்களில், 2004-இல் வந்த 'மெசஞ்சர்' நூலிலும் 2012-இல் வந்த 'சன்' நூலிலும், அவர்கள் பிழைத்தமை விளங்குகிறது.

அமெரிக்காவில் இந்நாவலைப் பள்ளியிலிருந்து நீக்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் பலமுறை கோரியிருக்கிறார்கள். ஊசி ஏற்றும் அக்காட்சி பிள்ளைகளுக்கு ஆகாது என்பது அவர்கள் கட்சி. அவர்களுடைய கவலையை நான் இகழவில்லை. ஆயினும், துன்பத்தைக் குழந்தைகள் கண்ணில் படாமல் மறைத்துவிட வேண்டும் என்ற அதே ஆசைதான் ஜோனஸின் ஊரை அமைத்தது. பன்னிரண்டு வயதை எட்டிய பிள்ளை உங்கள் இல்லத்தில் இருந்தால், இந்நூலை வாங்கிக் கொடுங்கள். முதலில் நீங்கள் ஒருமுறை படியுங்கள். படித்து முடித்து அவன் கேட்கும் கேள்விகளுக்கு, எத்தனை சங்கடமாயிருந்தாலும், உண்மையான விடையைச் சொல்லுங்கள்.